புரோட்டான், கார்பன் கதிரோடு கீமோ: நம்ம ஊர்க்காரர்கள் கேட்கும் கேள்விகள்

நான் கோவையில் ஒரு மருத்துவமனையின் கதிர் சிகிச்சைப் பிரிவில் மருத்துவ இயற்பியலாளராக இருக்கிறேன். சொந்த ஊர் சென்னிமலை, அப்பா தறி நெய்தவர். யாருக்கு எவ்வளவு கதிர், எந்தக் கோணத்தில், எத்தனை நாள் என்று கணக்குப் போடுவது என் வேலை. மருந்து எழுதுவதும் முடிவெடுப்பதும் டாக்டர்கள். ஊரில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூட யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து மஞ்சப் பையிலிருந்து ஃபைலை எடுக்கிறார். கொஞ்ச நாளாக எல்லார் வாயிலும் 'புரோட்டான்'. அதைக் கீமோவோடு சேர்த்துக் கொடுப்பது பற்றி அடிக்கடி வரும் கேள்விகளை, கேட்டவர்கள் வாய்ப்பேச்சிலேயே இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏனுங்க, கரண்டு வைக்கிறதுலயே இது வேறயா?

'கரண்டு வைக்கிறது' என்று நாம் சொல்வது பெரும்பாலும் லினாக் இயந்திரத்தில் எக்ஸ் கதிர் கொடுப்பதை. அதில் மின்சாரம் உடம்புக்குள் போவதில்லை. அந்தப் பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டது. எக்ஸ் கதிர் தோலில் நுழைந்து, கட்டியைத் தாண்டி, மறுபக்கமும் வெளியே போகும். போகிற வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுட்டுக்கொண்டே போகும். அதனால்தான் பல கோணங்களிலிருந்து பாய்ச்சி, எல்லாம் கட்டியில் வந்து சேரும்படி செய்கிறோம்.

துகள் சிகிச்சையில் புரோட்டானையோ கார்பன் அணுக்கருவையோ முடுக்கி அனுப்புகிறார்கள். 230 மெகா எலக்ட்ரான் வோல்ட் சக்தியில் விட்ட புரோட்டான், ஒளியின் வேகத்தில் சுமார் அறுபது சதவீதத்தில் பறக்கும். தண்ணீரில் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர் ஆழம் வரை போய் நின்றுவிடும். நிற்கிற இடத்தில்தான் தன் சக்தியில் பெரும்பங்கைக் கொட்டும். இந்தக் குணத்தை 1900-களின் தொடக்கத்திலேயே வில்லியம் ஹென்றி பிராக் கண்டுபிடித்தார், அதற்கு 'பிராக் உச்சம்' என்று பெயர். இதை வைத்தியத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 1946-ல் எழுதியவர் ராபர்ட் வில்சன். 1954-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் முதல் நோயாளிக்குக் கொடுத்தார்கள்.

நம்ம ஊர்க் கிணறு வெட்டைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பாறையில் குழி துளைத்து, அடியில் தோட்டா வைத்து வெடிக்கிறோம். மேலே பெரிதாகச் சேதமில்லை, அடியில் பாறை தூளாகிறது. எந்த ஆழத்தில் வெடிக்க வேண்டுமோ அதற்கேற்பத் துகளின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பார்கள்.

புரோட்டானும் கார்பனும் ஒண்ணுதானுங்களா?

ஒன்றில்லை. கார்பன் அணுக்கரு புரோட்டானைவிடப் பன்னிரண்டு மடங்கு கனம். புரோட்டான் செல்லுக்குச் செய்யும் சேதம் எக்ஸ் கதிர் செய்வதைப் போன்றதுதான். கணக்குப் போடும்போது 1.1 மடங்கு என்று எடுத்துக்கொள்கிறோம். கார்பனில் அது இரண்டு, மூன்று மடங்கு வரை போகும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. ரத்த ஓட்டம் சரியாகப் போகாமல் பிராணவாயு குறைந்து கிடக்கும் கட்டியின் நடுப்பகுதி எக்ஸ் கதிருக்கும் புரோட்டானுக்கும் அவ்வளவாக அசையாது. கார்பனுக்கு அந்தத் தடை குறைவு.

அப்புறம் எதுக்குங்க கூடவே ஊசி மருந்தும் ஏத்தணும்?

இதைத் தறியை வைத்துத்தான் எங்கள் வீட்டில் சொல்லுவேன். பாவில் ஒரு இழை அறுந்தால் அப்பா தறியை நிறுத்துவார், நுனியைத் தேடி எடுப்பார், முடிச்சுப் போடுவார், மறுபடி ஓட்டுவார். துணியில் ஒன்றும் தெரியாது. செல்லும் அப்படித்தான். கதிர் பட்டு அதன் மரபணு இழை அறுந்தால், முடிச்சுப் போட உள்ளுக்குள்ளேயே ஆள் வைத்திருக்கிறது. ஒற்றை இழை அறுந்தால் சில மணி நேரத்துக்குள் சரிசெய்துவிடும். எதிரெதிர் இழை இரண்டும் ஒரே இடத்தில் அறுந்தால்தான் சிரமப்படும்.

சிஸ்பிளாட்டின் மாதிரி மருந்து அந்த முடிச்சுப் போடும் ஆளின் கையைக் கட்டுகிறது. அதில் பிளாட்டினம் இருக்கிறது. அது மரபணு இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். பிணைந்த இழையைப் பிரிக்கவே செல் திணறும்போது, கதிர் அறுத்ததை எங்கே போய்ச் சரிசெய்வது? இந்த மருந்தின் கதையே விநோதமானது. 1965-ல் பார்னெட் ரோசன்பர்க் என்பவர் பாக்டீரியாவின்மேல் மின்புலம் என்ன செய்கிறது என்று பார்க்கப் பிளாட்டினம் தகடுகளைப் பயன்படுத்தினார். பாக்டீரியா பிரிந்து பெருகாமல் நீண்டுகொண்டே போனது. காரணம் மின்சாரம் இல்லை, தகட்டிலிருந்து கரைந்து வந்த பிளாட்டினம். 1978-ல் அது அமெரிக்காவில் புற்றுநோய் மருந்தாக அனுமதி பெற்றது.

ஊசி மருந்துக்கு இரண்டாவது வேலையும் உண்டு. கதிர் படுவது குறிபார்த்த இடத்தில் மட்டும். அதற்கு வெளியே, ரத்தத்திலும் வேறு உறுப்புகளிலும் திரியும் செல்களை மருந்துதான் தேடிப் போக வேண்டும். இந்த இரண்டில் எதற்காக உங்களுக்குக் கீமோ தருகிறார்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள். பதிலைப் பொறுத்துத்தான் அளவும் நாளும் மாறும்.

துகள் கதிரோட கீமோ சேர்த்தா பலன் ரெண்டு மடங்கா ஆயிருமா?

ஆகாது. ஆய்வுக்கூடத்தில் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் விளங்கும். தக்காளி நாத்துக்கு விதை வாங்கினால் முளைப்புத்திறன் பார்க்கிறோமல்லவா, அதே சோதனைதான். புற்றுநோய் செல்களைக் கண்ணாடித் தட்டில் விதைத்து, கதிர் கொடுத்து, ஒன்றிரண்டு வாரம் விட்டுவிடுவார்கள். பிழைத்த ஒவ்வொரு செல்லும் பெருகி ஒரு கூட்டமாகும். ஐம்பது செல்லாவது சேர்ந்திருந்தால் அது 'முளைத்தது' என்று கணக்கு.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மருந்து மட்டும் கொடுத்தால் நூற்றுக்கு ஐம்பது முளைக்கிறது, கதிர் மட்டும் கொடுத்தால் இருபது. இரண்டும் தனித்தனியாக வேலை செய்தால், சேர்த்துக் கொடுக்கும்போது பத்து முளைக்க வேண்டும். முளைத்ததும் பத்து என்றால் வெறும் கூட்டல்தான். மூன்றே முளைத்தால் ஒன்றுக்கொன்று கை கொடுத்திருக்கிறது.

புரோட்டானோடு சிஸ்பிளாட்டின் சேர்ந்தால், எக்ஸ் கதிரோடு சேரும்போது கிடைக்கும் அதே மாதிரியான துணைதான் கிடைக்கிறது. கார்பனில் நிலைமை வேறு. ஒரே இடத்தில் பத்து இழையைக் கற்றையாக அறுத்துப் போட்டுவிட்டால், முடிச்சுப் போடுகிற ஆளின் கை கட்டியிருந்தாலும் ஒன்றுதான், கட்டாவிட்டாலும் ஒன்றுதான். அதனால் கார்பனோடு சேரும் மருந்தின் துணை பல செல் சோதனைகளில் கூட்டலோடு நின்றுவிடுகிறது. கார்பனோடு கீமோ கொடுப்பவர்கள் முக்கியமாக அந்த இரண்டாவது வேலைக்காகத்தான் கொடுக்கிறார்கள். கணையப் புற்றுநோய்க்கு ஜப்பானில் கார்பனோடு ஜெம்சிட்டபின் தருவது இப்படித்தான். கார்பன் மூன்று வாரத்தில் 12 தடவையில் முடிகிறது. கணையத்தைத் தாண்டி ஓடும் செல்களை மருந்து பார்த்துக்கொள்கிறது.

அப்போ புரோட்டானோட கீமோ சேர்க்கிறதுல என்னதாங்க லாபம்?

லாபம் கட்டிக்கு வெளியே இருக்கிறது. நான் இத்தனை வருஷம் பார்த்ததில், கீமோவும் கதிரும் சேர்ந்த சிகிச்சை தோற்கிற இடம் பல நேரம் நடுவில் நிறுத்துவதுதான். வாயெல்லாம் புண், விழுங்க முடியவில்லை, எடை இறங்குகிறது, வெள்ளணு குறைகிறது, சிறுநீரகம் சோர்வதைக் காட்டும் கிரியேட்டினின் ஏறுகிறது. ஊசி ஒரு வாரம் தள்ளிப்போகிறது, அப்புறம் கதிரும் தள்ளிப்போகிறது. தலை, கழுத்துப் புற்றுநோயில் ஒரு நாள் நின்றால் கட்டி கட்டுப்படும் வாய்ப்பில் சுமார் ஒரு சதவீதம் போகிறது. வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் மேட்டில் ஏறிக்கொள்கிற மாதிரி, விட்ட இடைவெளியில் செல் பெருகிக்கொள்ளும்.

புரோட்டான் கட்டிக்கு அப்பால் போகாததால் நுரையீரல், இதயம், குடல், எலும்பு மஜ்ஜை, உமிழ்நீர்ச் சுரப்பி ஆகியவற்றில் படும் கதிர் குறைகிறது. மருந்தைத் தாங்கும் தெம்பு மிஞ்சுகிறது. அமெரிக்காவில் கீமோவும் கதிரும் ஒன்றாகப் பெற்ற 1,483 பேரின் பதிவுகளைப் பின்னோக்கி ஆராய்ந்து 2020-ல் வெளியிட்டார்கள். முதல் 90 நாளில் கடும் பக்கவிளைவு புரோட்டான் பெற்றவர்களில் 11.5 சதவீதம் பேருக்கும், எக்ஸ் கதிர் பெற்றவர்களில் 27.6 சதவீதம் பேருக்கும் வந்தது. உயிர் பிழைத்திருப்பதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பழைய பதிவுகளைப் பார்த்தது என்பதால் இதை முழுச் சான்றாக எடுக்க முடியாது, ஆனாலும் திசை தெரிகிறது.

அமெரிக்காவிலேயே நடந்த இன்னொரு சோதனையில் தொண்டைப் புற்றுநோயாளிகள் 440 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். புரோட்டான் பிரிவில் வயிற்றுக்குக் குழாய் போட்டு உணவு தர வேண்டியிருந்தவர்கள் குறைவு. அதிலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அங்கே தொண்டைப் புற்றுநோய் பெரும்பாலும் ஹெச்பிவி கிருமியால் வருவது. நம்ம பக்கம் வெத்தலை, போயிலை போட்டுக் கன்னத்தில் வருவதற்குப் பெரும்பாலும் முதலில் ஆபரேஷன்தான். அவர்கள் எண்ணை அப்படியே எடுத்து நம் அப்பாருக்குப் பொருத்த முடியாது.

அதிகமா கதிர் கொடுத்தா கீமோவே வேண்டாமே?

கதிரைக் கூட்டினால் லாபமா என்று செய்து பார்த்துவிட்டார்கள். நுரையீரல் புற்றுநோயில் கீமோவோடு 60 கிரே (கதிரை அளக்கும் அலகு) கொடுத்ததையும் 74 கிரே கொடுத்ததையும் ஒப்பிட்டு 2015-ல் முடிவு வந்தது. அதிகம் பெற்றவர்கள் குறைந்த காலமே பிழைத்தார்கள். இதயத்தில் பட்ட கதிரும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது.

எல்லாருக்கும் ஒரே மருந்துதானா?

இல்லை. தலை கழுத்துக்கும் கர்ப்பப்பை வாய்க்கும் சிஸ்பிளாட்டின். மூளையில் வரும் கிளையோபிளாஸ்டோமாவுக்கு டெமோசோலமைடு மாத்திரை, கதிர் நடக்கும் ஆறு வாரமும் தினமும். உணவுக் குழாய், நுரையீரல் என்றால் பெரும்பாலும் கார்போபிளாட்டினும் பாக்லிடாக்சலும்.

சிஸ்பிளாட்டின் ஒத்துவராதவர்களுக்கு வாரம் ஒருமுறை சிறு அளவு டோசிடாக்சல் தரலாம் என்று நிறுவியது நம் மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனைதான், 2023-ல் வெளியானது. இரண்டு ஆண்டு நோயில்லாமல் இருந்தவர்கள் கதிர் மட்டும் பெற்றதில் 30 சதவீதம், மருந்தும் சேர்ந்ததில் 42 சதவீதம். இதற்குப் புரோட்டான் தேவைப்படவில்லை, சாதாரண லினாக்தான். மாவட்டத் தலைநகரிலேயே கிடைக்கக்கூடிய லாபம் இது.

எங்க அப்புச்சிக்கு 74 வயசு. கீமோ தாங்குவாரா?

தலை கழுத்துப் புற்றுநோயில் கதிரோடு கீமோ சேர்த்தால் ஐந்தாண்டு பிழைப்பு சராசரியாக 6.5 சதவீதம் கூடுகிறது என்று பல சோதனைகளைத் தொகுத்த கணக்கு சொல்கிறது. அதே கணக்கில் வயது கூடக்கூட அந்த லாபம் கரைகிறது, எழுபதைத் தாண்டினால் கிட்டத்தட்ட இல்லை. அப்புச்சி இன்னும் காட்டில் மம்முட்டி பிடிக்கிறவராக இருந்தால் டாக்டர் வேறு மாதிரி யோசிக்கலாம். கீமோ வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் 'கைவிட்டுட்டாங்க' என்று வீட்டில் அழ வேண்டாம்.

தறிப் பட்டறைக்காரங்களுக்குத் தனியா ஏதாச்சும் கவனிக்கணுமா?

யாரும் கேட்பதில்லை, நானே சேர்த்த கேள்வி இது. சிஸ்பிளாட்டின் காதைத் தாக்கும். உயர்ந்த சுருதி ஒலிகள் முதலில் போகும், போனது திரும்பாது. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறியில் இருபது முப்பது வருஷம் நின்றவர்களுக்கு ஏற்கெனவே அதே சுருதிதான் போயிருக்கும். வீட்டில் சத்தமாகப் பேசியே பழகிவிட்டதால் குறை இருப்பதே தெரியாது. மருந்து ஏற்றுமுன் காது சோதனை ஒன்று எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். 'தறி ஓட்டினவன்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்; கேஸ் ஷீட்டில் 'கூலி' என்று மட்டும் எழுதியிருந்தால் டாக்டருக்கு எப்படித் தெரியும்? எங்கள் அப்பாவுக்குக் கைத்தறிதான், காது இன்னும் பாம்புக் காது.

அதேபோல் உடம்பு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோபினாக் வாங்கிப் போடும் பழக்கம். சிஸ்பிளாட்டினும் சிறுநீரகத்தைப் பிடிக்கும், அந்த மாத்திரையும் பிடிக்கும். இரண்டும் சேரக் கூடாது.

புரோட்டான் நடக்கும்போது எடை குறைஞ்சா பிரச்சினையா?

ஆமாம், எக்ஸ் கதிரைவிட அதிகம். துல்லியமாக நிற்பது புரோட்டானின் பலம், பலவீனமும் அதுவே. கீமோவால் சாப்பாடு இறங்காமல் ஐந்தாறு கிலோ குறைந்து கன்னம் ஒட்டிப்போனால், துகள் கடக்க வேண்டிய சதை குறைந்துவிடுகிறது. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நரம்பிலோ தண்டுவடத்திலோ நிற்கும். மருந்து நன்றாக வேலை செய்து கட்டி வேகமாகச் சுருங்கினாலும் இதே சிக்கல். குழி ஆழத்தை அளந்த பிறகு மேல்மண் சரிந்துபோன கதை. அதனால் நடுநடுவே மறுபடி சிடி எடுத்துப் பிளான் மாற்றுவார்கள். 'எத்தனை தடவைதான் ஸ்கேன் எடுப்பாங்க, காசு பிடுங்கறாங்க' என்று கோபப்படாதீர்கள், அந்த ஸ்கேன் அவசியமானது. கதிர் வைக்கும்போது தலை அசையாமல் பிடிக்கும் மாஸ்க் தொளதொளவென்று ஆனால் டெக்னீஷியனிடம் உடனே சொல்லுங்கள்.

ராகிக் கூழ், முட்டை, பருப்பு கரைத்த ரசம் சாதம் என்று எது இறங்குகிறதோ அது. பச்சிலை, நாட்டு மருந்து எடுத்தால் டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.

குழந்தைங்களைக் கிட்ட விடலாமா?

தாராளமாக. புரோட்டான் பட்ட இடத்தில் சிறிதளவு கதிரியக்கம் உண்டாகி நிமிடக்கணக்கில் அடங்கிவிடும், வீட்டாருக்கு ஆபத்தில்லை. கீமோ ஏற்றிய இரண்டு நாள் மட்டும் கழிவறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றுங்கள், வாந்தி துடைக்கக் கையுறை போடுங்கள்.

எங்கிங்க கிடைக்குது? கோயமுத்தூர்ல இருக்கா?

கொங்குப் பகுதியில் புரோட்டான் இல்லை. கோவை, ஈரோடு, சேலத்தில் இருப்பவை லினாக் இயந்திரங்கள். சென்னை தரமணியில் அப்போலோ புரோட்டான் மையம் 2019-லிருந்து இயங்குகிறது. நவி மும்பை கார்கரில் டாடா நினைவு மையத்தின் புரோட்டான் பிரிவு 2023-ல் நோயாளிகளை எடுக்கத் தொடங்கியது. கார்பன் இந்தியாவில் எங்கும் இல்லை. ஜப்பானின் சிபாவில் 1994-லிருந்து தருகிறார்கள். ஜெர்மனி, சீனா, தென் கொரியாவிலும் உண்டு.

தோட்டத்தை வித்தாச்சும் புரோட்டான் வைக்கலாமுங்களா?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். எங்கள் சொந்தத்தில் ஒருவர், ட்யூமர் போர்டில் (பல துறை டாக்டர்கள் கூடி சிகிச்சையை முடிவெடுக்கும் குழு) கேட்காமலேயே, யாரோ சொன்னார்கள் என்று கிணத்துத் தோட்டத்தை அடமானம் வைத்துவிட்டு வந்து என் முன்னால் நின்றார். அவருக்கு இருந்தது குரல்வளையில் சின்னக் கட்டி. லினாக்கில் ஆறு வாரம், அதுவும் கீமோ இல்லாமலே முடியக்கூடியது. தோட்டம் திரும்பி வர நாலு வருஷம் ஆனது.

என் கணக்கு இது. குழந்தைக்கு மூளையில் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற கட்டி, தலையும் முதுகுத்தண்டும் முழுக்கக் கதிர் கொடுத்துக் கூடவே கீமோவும் கொடுக்க வேண்டும் என்றால் புரோட்டானுக்காக ஓடுங்கள். வளரும் உடம்பில் இதயம், நுரையீரல், குடல் தப்பிப்பது அறுபது வருஷத்துக்கான லாபம். ஏற்கெனவே ஒருமுறை கதிர் வைத்த இடத்திலேயே திரும்ப வந்தவர்களும், இதயத்தை ஒட்டிக் கட்டி இருப்பவர்களும் கண்டிப்பாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். மண்டையோட்டு அடியில் வரும் கார்டோமா என்ற கட்டிக்குத் துகள் கதிர் மிக நல்லது. வேடிக்கை என்னவென்றால் அதற்குக் கீமோவே அவ்வளவாக எடுபடாது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு சிஸ்பிளாட்டின், வெளிக்கதிர், அப்புறம் கதிர்மூலத்தைக் கட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துக் கொடுக்கும் உள்கதிர். அந்த உள்கதிரைப் புரோட்டானால் ஈடுசெய்ய முடியாது. மார்பகம், புராஸ்டேட் உட்பட மற்ற பெரும்பாலானவற்றுக்கு ஒழுங்காகப் பிளான் போட்ட லினாக் போதும். நாள் தவறாமல் போவதுதான் பெரிய மருந்து.

காப்பீட்டு அட்டையில வருமா?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. லினாக் கதிரும் கீமோவும் அதில் நடக்கின்றன. புரோட்டான் செலவு அந்த வரம்பைப் பல மடங்கு தாண்டும். மும்பை மையத்தில் ஏழைகளுக்கு உதவி கேட்க வழி உண்டு, அங்குள்ள சமூக சேவைப் பிரிவைத்தான் முதலில் பாருங்கள்.

ஆறு வாரம் மெட்ராஸ்ல எப்படிங்க தங்கறது?

கதிர் திங்கள் முதல் வெள்ளி வரை. வெள்ளிக்கிழமை ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலை ஈரோடு, திருப்பூர், கோவை. ஞாயிறு ராத்திரி திரும்பலாம். கீமோ ஏற்றிய வாரம் மட்டும் அலைய வேண்டாம். வாந்தியும் காய்ச்சலும் வந்தால் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பதே நல்லது. காய்ச்சல் நூறைத் தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே போக வேண்டும்.

ரயிலில் புற்றுநோயாளிக்கு சிகிச்சைக்காகப் போகும்போது ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் கட்டணமே கிடையாது, கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. மருத்துவமனையில் அதற்கென்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். கேட்டால்தான் தருவார்கள், அதனால் முதல் நாளே ரிசப்ஷனில் கேட்டு வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.